மணியின் சீட்டு எங்கே?

ரேஷன் கார்டு எங்கே, குழந்தையின் தடுப்பூசி அட்டை எங்கே என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்லிவிடுவோம். "உங்க வீட்டு நாய்க்கு எப்போ ஊசி போட்டீங்க?" என்று கேட்டால் மட்டும், "போன வருஷம் வீரபாண்டித் திருவிழா சமயம்... இல்லே, அதுக்கு முந்தியா?" என்று வீட்டில் ஒரு பட்டிமன்றமே நடக்கும்!

தேனிப் பக்கம் நாய் வளர்ப்பு புதிதல்ல. உத்தமபாளையத்தை அடுத்த கோம்பையின் பெயரையே ஒரு நாட்டு நாய் இனம் தாங்கி நிற்கிறது. செம்பழுப்பு உடம்பு, கறுப்பு மூஞ்சி. தெருவுக்கு நாலு நாய் இதே சாயலில் இருக்கும். அதில் இரண்டுக்குப் பெயர் மணி! ஆகவே ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, முதல் பக்கத்தில் மணியின் படத்தை ஒட்டுங்கள். முகம் ஒன்று, இரண்டு பக்கவாட்டிலும் ஒவ்வொன்று. காதில் வெட்டு, காலில் வெள்ளை என்று அடையாளம் இருந்தால் எழுதி வையுங்கள். காணாமல் போனால் தேட இதுதான் உதவும்.

அடுத்த பக்கம் வெறிநோய்த் தடுப்பூசிக்கு. குட்டிக்கு மூன்று மாதத்தில் முதல் ஊசி, சுமார் ஒரு மாதம் கழித்து மறு ஊசி, பிறகு வருஷா வருஷம். தேதியோடு மருந்துப் புட்டியின் லேபிளையும் டாக்டரின் கையெழுத்து, முத்திரையையும் கேட்டு வாங்குங்கள். கூச்சப்பட வேண்டாம்.

இந்தப் பக்கம் எப்போது தேவைப்படும் தெரியுமா? மணி யாரையாவது கடித்துவிட்ட அன்று. பக்கத்து வீட்டுக்காரர் சண்டைக்கு வரும்போது, கையில் சீட்டு இருந்தால் பாதிச் சண்டை அங்கேயே அடங்கும். ஆனால் ஒன்று, சகோதரிகளே: நாய்க்கு ஊசி போட்டாச்சே என்று கடிபட்ட குழந்தையை வீட்டில் வைத்துக்கொண்டு இருக்காதீர்கள். காயத்தைச் சோப்பும் ஓடுகிற தண்ணீருமாகப் பதினைந்து நிமிஷம் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். மஞ்சள், சுண்ணாம்பு எதுவும் வைக்கக்கூடாது. நாயை அடித்து விரட்டாமல் பத்து நாள் கட்டிவைத்துப் பாருங்கள். அது நன்றாக இருக்கிறதா என்பதை வைத்து, மீதி ஊசிகளைப் பற்றி டாக்டர் முடிவு செய்வார். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது அரிது. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன்.

ஊருக்குப் போகும்போதும் நோட்டு கூடவே வரட்டும். 2023 முதல் போடியிலிருந்து சென்னைக்கே ரயில் இருக்கிறது. நாயைச் சாதாரணப் பெட்டியில் மடியில் வைத்துக்கொண்டு போக முடியாது. பார்சல் ஆபீசில் பதிவு செய்து, கார்டு பெட்டியில் அதற்கான கூண்டில் ஏற்ற வேண்டும். ஊசிச் சீட்டும், ஒன்றிரண்டு நாள் முன்னால் கால்நடை டாக்டரிடம் வாங்கிய உடல்நலச் சான்றும் கையில் இருக்கட்டும்.

அவசரம் சொல்லிவிட்டு வருவதில்லை. 2023 மே மாதம் அரிக்கொம்பன் யானை கம்பம் தெருக்களுக்குள் வந்தபோது 144 தடை போட்டார்கள்; ஜனங்கள் வீட்டுக்குள்ளேயே கிடந்தார்கள். அந்த மாதிரி நாளில் நாய்க்கு உடம்புக்கு வந்தால் டாக்டரிடம் போனில்தான் பேச வேண்டும். எடை என்ன, என்ன மருந்து சாப்பிடுகிறது, எது ஒத்துக்கொள்ளாது என்று அவர் கேட்பதெல்லாம் நோட்டில் இருந்தால் பதறாமல் சொல்லலாம். கால்நடை ஆம்புலன்சுக்கான 1962 என்ற எண்ணை அட்டையிலேயே பெரிதாக எழுதிவிடுங்கள்.

நோட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஐப்பசி மழையில் நனையாதபடி, கதவோரம் மணியின் சங்கிலியோடு தொங்கவிடலாம். எல்லாப் பக்கத்தையும் செல்போனில் படம் பிடித்து ஊரில் உள்ள தங்கைக்கோ அண்ணிக்கோ அனுப்பி வையுங்கள். மாடு வைத்திருப்பவர்கள் அதன் காதுத் தோட்டில் உள்ள 12 இலக்க எண்ணையும் கடைசிப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.