பனங்கிழங்கும் நாரையலகும்

சென்ற தைத்திங்களில் ஒருநாள் வைகறையிலே, நண்பர் ஐவர், புள்ளினங்களைக் காணும் விருப்பினராய்த் தூத்துக்குடி உப்பளங்களுக்குச் சென்றோம். கட்டுச்சோற்றுடன் அவித்த பனங்கிழங்கும் ஒரு கட்டுக் கொண்டுபோயினோம். அக்கிழங்கு பசிக்கு மட்டுமன்றி வழக்கிற்கும் உதவுமென்று அப்பொழுது அறிந்திலோம்.

1961ஆம் ஆண்டிற்குப் பின் பெருமுத்துக்குளிப்பு நடவாத இக்கரையில், இன்று குவிவது உப்பே. பாத்திகளுக்கு அப்பால், ஆழமற்ற தேக்கநீரில், வெண்மையும் இளஞ்செம்மையும் விரவிய நெடும்பறவைகள் கூட்டமாய் நின்றன. சிவந்த கால்களைக் கண்ட அளவிலே, பள்ளியிற் பயின்ற சத்திமுற்றப் புலவர் பாட்டு நினைவிற்கு வந்தது. மதுரையிலே குளிரால் மெய்யொடுங்கிய வறிய புலவன், குமரியாடி வடக்கே மீளும் நாரையைத் தன் மனைவியிடம் தூதனுப்புவது அப்பாட்டு. “இதோ, புலவர் கண்ட நாரை!” என்று கூவினோம்.

உடன்வந்த விலங்கியல் மாணவர் நகைத்து, “இது பூநாரை, பெயரளவில்தான் நாரை. இதற்கு நெருங்கிய உறவு முக்குளிப்பான். புலவர்களுக்குப் பறவை வேற்றுமை தெரியுமோ?” என்றார். தமிழ் பயில்வோர் இதனைப் பொறுப்பது எங்ஙனம்?

கிழங்கொன்றைப் பிளந்தோம். நாரையின் அலகிற்குப் புலவர் கூறிய உவமை பிளந்த பனங்கிழங்கன்றோ? அது நேராய் நீண்டு நுனி கூர்ந்திருந்தது. பூநாரையின் அலகோ நடுவில் மடங்கிக் கீழ்நோக்கி வளைந்தது. தலையைக் கவிழ்த்து அலகை நீரிலிட்டு, நாவினால் நீரை உள்ளிழுத்து வெளியேற்றுங்கால், ஓரத்திலுள்ள சீப்புப்போன்ற தகடுகள் பாசியையும் சிற்றுயிர்களையும் வடித்துக்கொள்கின்றன. அவ்வுணவிலுள்ள நிறப்பொருளே அதன் செம்மைக்குக் காரணம். இத்தகைய அலகைப் பனங்கிழங்கு என்பார் எவருமிலர்.

ஆகவே புலவர் கண்டது செங்கால் நாரை. வெள்ளுடலும், கரிய சிறகோரமும், நேரிய சிவந்த அலகும் உடையது. ஐரோப்பாவிலும் மத்திய ஆசியாவிலும் கூடுகட்டி, குளிர்காலத்தில் தெற்கே வருவது. வயலையும் ஏரிக்கரையையும் நாடித் தவளையும் வெட்டுக்கிளியும் உண்பது. கோடைக்கு முன் வடதிசை மீள்வது. பாட்டிலும் அது வடக்கேதான் செல்கின்றது, தங்குமிடமும் ஊர்க்குளமே. விலங்கியலார் கிழங்கை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விடையொன்றும் கூறாது தின்றுவிட்டார்.

பள்ளியில் இப்பாட்டை நெட்டுருச் செய்தகாலை, பனங்கிழங்கு என்றதும் வகுப்பே நகைத்தது. தேர்விற்கு உவமையை மட்டும் குறித்துக்கொண்டோம். குளிரில் ஒடுங்கியவன் எம் கண்ணிற் படவில்லை. விடுதிக்கு வந்த முதலாண்டு மார்கழியில், வீட்டிலிருந்து பணம் வாராத சில நாள், ஒரு போர்வையை இருவர் பகிர்ந்து கிடந்தபோதே அவன் யாரென்று அறிந்தோம். ஆயினும் வீட்டிற்கு எழுதிய கடிதத்தில் ‘நலமே’ என்றுதான் எழுதினோம். புலவன் தன் நிலையை மறைத்திலன். கண்டவாறே சொல்லென்று பறவையை ஏவினான்.

வெயிலேறப் பூநாரைகள் எழுந்தன. மடித்த சிறகில் மறைந்திருந்த செந்நிறமும் கருநிறமும் ஒருங்கே விரிந்தன. செங்கால் நாரையை அன்று கண்டிலோம். மாசி கழியுமுன் உள்நாட்டுக் குளங்களிலே தேடச் செல்வதென முடிவு செய்துள்ளோம். விலங்கியலாரும் வருகின்றார், கிழங்கு தம் பொறுப்பென்று.