அனுமதியின் கட்டடக்கலை

கிராமத்து மரக்கோயில் என்றதும் எளிமை, இயற்கையோடு இயைந்த வாழ்வு, நாட்டார் அழகியல் என்று வரிசையாக வந்து நிற்கும் சொற்கள் மீது எனக்குச் சந்தேகம் உண்டு. ஸ்லோவாக்கியாவின் ஹ்ரோன்செக் கிராமத்து லூத்தரன் கோயிலை வைத்து இதைப் பேசலாம். 1725–26இல் முழுக்க மரத்தில் எழுந்தது. ஏன் மரம்? பக்கத்தில் காடு இருக்கு, வேறென்ன என்று கேட்கலாம். விஷயம் அவ்வளவு லேசானதில்லை.

அப்போது இப்பகுதி ஹங்கேரி அரசின் ஒரு பாகம். ஆண்டவர்கள் கத்தோலிக்க ஹாப்ஸ்பர்க் வம்சத்தார். 1670களில் புராட்டஸ்டன்ட் கோயில்கள் பறிக்கப்பட்டன. போதகர்கள் சிலர் துடுப்புக் கப்பல்களுக்கு அடிமைகளாக விற்கப்பட்டார்கள். கலகம் மூண்டது. 1681இல் ஷொப்ரோன் நகரில் கூடிய சட்டசபையில் பேரரசர் முதலாம் லியோபோல்டு சற்று இறங்கிவந்தார்: மாவட்டத்துக்கு இரண்டு இடங்களில் கோயில் கட்டிக்கொள்ளலாம். கூடவே வந்த நிபந்தனைகள் என்று சொல்லப்படுபவை இவை: ஊருக்கு வெளியே கட்ட வேண்டும், மரம்தான், இரும்பாணி கூடாது, கோபுரம் கூடாது, பெருவழியைப் பார்த்து வாசல் கூடாது, ஓராண்டுக்குள் முடிக்க வேண்டும்.

ஒவ்வொன்றாக வாசித்துப் பாருங்கள். கோபுரம் இல்லையென்றால் கண்ணில் படாது. மரமென்றால் நெடுநாள் நிற்காது. ஓராண்டுக் கெடு வைத்தால் முடியாமலே போகலாம். இருந்துகொள், ஆனால் இருப்பது தெரியக் கூடாது என்பதுதான் இந்த அனுமதியின் சாரம்.

ஹ்ரோன்செக் கோயில் சிலுவை வடிவம். ஒரு கை 23 மீட்டர், இன்னொன்று 18. உயரம் 8 மீட்டர்தான். உள்ளே படிப்படியாக உயரும் பெஞ்சுகளில் சுமார் 1100 பேர் உட்காரலாம். சின்னக் கிராமத்துக்கு எதுக்கு இவ்வளவு இடம்? மாவட்டத்துக்கு இரண்டே இடம் என்றால் தொலைதூர ஊர்க்காரர்களும் இங்கேதானே வர வேண்டும். சிதறடிக்க நினைத்த சட்டமே பெருங்கூட்டத்தை ஒரே கூரையின்கீழ் கொண்டுவந்து சேர்த்தது. அந்தக் கூட்டம் வந்துபோக ஐந்து வாசல்கள். மணிக்கூண்டு கோயிலோடு ஒட்டாமல் தனியே நிற்கிறது.

இதை மக்களின் எதிர்ப்புச் சின்னம் என்று சட்டெனக் கொண்டாடிவிடவும் முடியாது. இதே சட்டத்தின்கீழ் லெஷ்டினியில் 1688–89இல் எழுந்த கோயிலுக்குப் பின்னால் ஸ்மெஷ்கால் என்ற பிரபுக் குடும்பத்தின் ஆதரவு இருந்தது. அனுமதியைக் கட்டடமாக்க நிலமும் செல்வாக்கும் வேண்டியிருந்தன.

2008இல் யுனெஸ்கோ, கார்பாத்திய மலைப்பகுதியின் எட்டு மரக்கோயில்களை ஒரே தொகுதியாக உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. அதில் ஹ்ரோன்செக் உண்டு, லெஷ்டினி உண்டு, ஹெர்வார்தோவ் கத்தோலிக்கக் கோயிலும் உண்டு. ஹெர்வார்தோவும் மரம்தான். ஆனால் அது 1681ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு வெகுகாலம் முந்தியது. அந்தச் சட்டம் சொல்லி மரமானதல்ல. 'மரக்கோயில்' என்ற பாரம்பரியச் சொல்லாடல் இந்த வேறுபாட்டைப் பூசி மெழுகிவிடுகிறது.

1781இல் இரண்டாம் ஜோசப் மதச் சகிப்பாணை பிறப்பித்தார். அதிலும் புராட்டஸ்டன்டுகளின் புதிய ஜெபவீடுகளுக்குக் கோபுரம் கிடையாது, மணி கிடையாது, தெருவைப் பார்த்த வாசல் கிடையாது. சகிப்பு என்ற சொல்லைப் புரிந்துகொள்ள அந்த இல்லாத வாசலைப் பார்த்தால் போதும் என்று எனக்குப் படுகிறது.