உறையும் ஏரியும் ஓய்வெடுக்கும் படகும்

வெயிலும் மழையுமே அறிந்த நமக்குப் பனிக்காலம் புதுமையானது. அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் 10,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. கோடையில் அங்குள்ளோர் விசைப்படகில் சென்று, ‘பாஸ்’ என்னும் நன்னீர் மீனைத் தூண்டிலிட்டுப் பிடிப்பர். குளிர்காலத்தில் ஏரியின் மேற்பரப்பு உறைந்துவிடும். அதற்குமுன் படகைக் கரையேற்றிவிடுவர்.

நீர் உறையும்பொழுது அதன் பருமன் ஏறத்தாழ 9 விழுக்காடு பெருகும். நீர் நிரம்பிய கண்ணாடிப் போத்தலை உறைபெட்டியில் வைத்தால் அது உடைவது இதனாலேயே. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உள்ளே தேங்கி உறைந்தால், இரும்பும் பிளந்துவிடும். ஒருவரின் பல்லாண்டுச் சேமிப்பு ஓரிரவில் பாழாகும். ஆகவே நீரை முற்றும் வடித்து, மின்கலத்தைக் கழற்றிப் படகைப் போர்த்தி வைப்பர்.

அப்படியாயின், மீன்கள் மடிந்துவிடாவோ? மடியா. 4 பாகை செல்சியசில் நீர் மிகுந்த அடர்த்தி பெற்று அடியில் தங்கும். விரிந்ததால் அடர்த்தி குறைந்த பனிக்கட்டி மேலே மிதந்து, போர்வைபோல் கீழ்நீரைக் காக்கும். பாஸ் மீன் ஆழத்தை நாடி, இரையையும் அசைவையும் குறைத்துக்கொண்டு வசந்தம் வரை வாழும்.

இரும்பைப் பிளக்கும் இயல்பே மீனுக்கு அரணாகிறது! இயற்கையின் விதியறிந்து வருமுன் காப்போர்க்கு இழப்பில்லை.