‘கேஸ் முடிந்துவிட்டது’ என்றால் உடனே நம்பலாமா?

குளிர்பதனப் பெட்டி இல்லாத வீட்டை இன்று சிங்கப்பூரில் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தொலைக்காட்சிக்கு ஓய்வு உண்டு. துணி துவைக்கும் இயந்திரம் வாரத்தில் சில நாள்தான் ஓடும். சமையலறை மூலையில் நிற்கும் இந்தப் பெட்டி மட்டும் பண்டிகை, விடுமுறை என்று பாராமல் இரவும் பகலும் உழைக்கிறது. அதனால்தானோ என்னவோ, அது நின்றுபோகும் நாள் வரை யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை.

நின்றுபோனால் ஒரே பதற்றம். தீபாவளிக்கு முதல் நாள் தேக்கா சந்தையில் வாங்கிய ஆட்டிறைச்சி உள்ளே இருக்கிறது. அரைத்து வைத்த மாவு பொங்கி வழிகிறது. பழுதுபார்ப்பவர் வருகிறார், பின்பக்கத்தைத் தொட்டுப் பார்க்கிறார், “கேஸ் முடிஞ்சு போச்சு, அடைக்கணும்” என்கிறார். வீட்டாரும் கேட்ட பணத்தைக் கொடுத்து அனுப்புகிறார்கள். இரண்டு மூன்று வாரம் கழித்து மறுபடியும் அதே கதை! நேர்மையாக வேலை செய்பவர்கள் நிறையவே இருக்கிறார்கள். ஆனால் அந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டதும் எதிர்க்கேள்வி கேட்கத் தெரியாததால் பணத்தை இழக்கும் குடும்பங்களும் குறைவில்லை.

குளிர்பதனப் பெட்டி குளிரை உற்பத்தி செய்வதில்லை. உள்ளே இருக்கும் வெப்பத்தை எடுத்து வெளியே கொட்டுகிறது, அவ்வளவுதான். மூடிய குழாய்க்குள் ஒரு வாயு சுற்றிச் சுற்றி வருகிறது. கம்ப்ரசர் அதை அழுத்தும்போது அது சூடாகி, பின்பக்கச் சுருளிலோ பக்கச் சுவரிலோ வெப்பத்தை விட்டுவிட்டுத் திரவமாகிறது. பிறகு மெல்லிய குழாய் வழியே உள்ளே சென்று ஆவியாகும்போது அங்கிருக்கும் வெப்பத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இந்த வாயு காருக்குப் பெட்ரோல் போல எரிந்து செலவாவதில்லை. உடலில் ஓடும் இரத்தம் போல ஒரே அளவு வாயு ஆண்டுக்கணக்கில் சுற்றிக்கொண்டிருக்கும். அது குறைந்துவிட்டது என்றால் எங்கோ ஓட்டை விழுந்திருக்கிறது என்று பொருள். ஆகவே “கேஸ் முடிந்துவிட்டது” என்று சொல்பவரிடம் வீட்டார் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எங்கே கசிகிறது?” ஓட்டையை அடைக்காமல் வாயுவை மட்டும் நிரப்புவது, ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை.

சரி, கேஸ்தான் குறைந்திருக்கிறதா, வேறு கோளாறா என்று வீட்டிலிருப்பவர்கள் எப்படித் தெரிந்துகொள்வது? ஓரளவு தெரிந்துகொள்ள முடியும்.

இன்றைய பெட்டிகளில் பெரும்பாலானவை ஐஸ் கட்டாத வகை. அவற்றில் குளிரூட்டும் சுருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும்; அதுவும் ஃப்ரீசரின் பின்சுவருக்குள் மறைந்திருக்கும். ஒரு சின்ன விசிறி அந்தக் குளிர்ந்த காற்றை ஃப்ரீசருக்கும், ஒரு துவாரம் வழியாகக் கீழ்ப்பகுதிக்கும் அனுப்புகிறது. சிங்கப்பூர்க் காற்றில் ஈரம் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. கதவைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் அந்த ஈரம் உள்ளே போய்ச் சுருளின்மேல் பனியாகப் படிகிறது. அதை உருக்குவதற்கென்றே உள்ளே ஒரு ஹீட்டர் உண்டு. சில மணி நேரத்துக்கு ஒருமுறை அது தானாக எரிந்து பனியைக் கரைத்துவிடும். இந்த ஹீட்டரோ, அதை இயக்கும் டைமரோ, வெப்பத்தை உணரும் சென்சாரோ கெட்டுப்போனால் பனி கட்டிக்கொண்டே போகும். கடைசியில் காற்று போக வழியே இருக்காது.

அப்போது தெரியும் அறிகுறி விசித்திரமானது. மேலே ஐஸ்கிரீம் கல்லாக இருக்கும். கீழே பால் திரிந்துவிடும். ஃப்ரீசரின் பின்சுவரில் வெண்பனி படர்ந்திருக்கும். இதற்கும் வாயுவுக்கும் சம்பந்தமே இல்லை. வாயு குறைந்தால் பொதுவாக மேல், கீழ் இரண்டு பகுதியும் சேர்ந்தே குளிர்ச்சியை இழக்கும். கம்ப்ரசர் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். ஆனாலும் பக்கச் சுவரிலோ பின்சுருளிலோ வழக்கமான சூடு இருக்காது. வெளியே கொட்டுவதற்கு வெப்பம் இல்லையே!

ஐஸ் அடைப்புதான் என்று சந்தேகம் வந்தால் செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. உணவை ஐஸ் நிரப்பிய பெட்டிக்கோ பக்கத்து வீட்டுக்கோ மாற்றிவிட்டு, மின்இணைப்பைத் துண்டித்து, இரு கதவுகளையும் திறந்து 24 மணி நேரம் விட்டுவிட வேண்டும். தரையில் பழைய துண்டுகளை விரித்து வைப்பது நல்லது. மறுபடி போட்டதும் பெட்டி புதிது போலக் குளிர்ந்து, ஓரிரு வாரத்தில் மீண்டும் கீழ்ப்பகுதி மட்டும் சூடானால், பனியை உருக்கும் பாகத்தில்தான் கோளாறு என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். பழுதுபார்ப்பவரிடம் இந்த விவரத்தைச் சொல்லிவிட்டால் பேச்சு கேஸ் பக்கம் திரும்பாது.

அவசரக்காரர்கள் ஒரு காரியம் செய்வார்கள். கத்தியை எடுத்து ஐஸைக் குத்துவார்கள். சுருள் மெல்லிய அலுமினியக் குழாய்; ஒரு குத்தில் ஓட்டை விழுந்தால் பெட்டிக்கே முடிவு. அதோடு, இப்போது விற்கப்படும் வீட்டுப் பெட்டிகளில் பெரும்பாலும் இருப்பது ஐசோபியூட்டேன் வாயு. ஓசோன் படலத்துக்குக் கேடு செய்யாதது, பூமியையும் அதிகம் சூடாக்காதது. ஆனால் தீப்பற்றக்கூடியது, சிகரெட் லைட்டரில் இருக்கும் வாயுவின் குடும்பம். உள்ளே இருப்பது சில பத்து கிராம்தான் என்றாலும், அதைக் கையாள்வது பயிற்சி பெற்றவரின் வேலை.

இதில் உணவைவிட முக்கியமான ஒன்று இருக்கிறது. நீரிழிவு நோய் உள்ள பெரியவர்கள் இன்சுலினை இந்தப் பெட்டியில்தான் வைக்கிறார்கள். திறக்காத இன்சுலின் 2 முதல் 8 டிகிரி செல்சியசுக்குள் இருக்க வேண்டும். பின்சுவரை ஒட்டி வைத்தால் அது உறைந்துவிடலாம். உறைந்த இன்சுலின் பிறகு உருகினாலும் பயன்படாது, எறிந்துவிட வேண்டியதுதான். கதவில் வைத்தால் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் சூடு படும். நடுத்தட்டின் முன்பக்கமே ஏற்ற இடம். தனியாக வசிக்கும் தாத்தாவோ பாட்டியோ வீட்டில், பெட்டி மெல்ல மெல்லக் குளிர்ச்சியை இழப்பது பல நாள் யாருக்கும் தெரியாமல் போகலாம். பெட்டி பழுதாகி மருந்து சூடாகிவிட்டதோ என்ற சந்தேகம் வந்தால் மருந்தாளரைக் கேட்காமல் அதைப் பயன்படுத்தக் கூடாது.

கையை உள்ளே விட்டுப் பார்த்துக் குளிர்ச்சியை அளக்க முடியாது. சில வெள்ளிக்குக் கிடைக்கும் ஒரு வெப்பமானியை, தண்ணீர் நிரப்பிய கிளாசில் போட்டு நடுத்தட்டில் இரவு முழுக்க வைத்துக் காலையில் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். 4 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. ஃப்ரீசர் மைனஸ் 18 டிகிரியில் இருக்க வேண்டும். திருகும் குமிழில் இருக்கும் 1, 2, 3 என்ற எண்கள் டிகிரி அல்ல. எண் கூடினால் குளிர் கூடும். “அஞ்சில் இருந்தது, ரொம்பச் சூடாக இருக்கிறதே என்று ஒன்றுக்குக் குறைத்தேன்” என்று சொல்பவர்கள் நிறைய!

வெப்பம் வெளியேற முடியாமல் போவது இன்னொரு பெரிய காரணம். வீவக வீடுகளின் சமையலறை சிறியது. புதுப்பிப்பு வேலை செய்யும்போது பெட்டியை அலமாரிகளுக்கு நடுவே இறுக்கிச் செருகிவிடுகிறார்கள். பார்க்க அழகுதான், ஆனால் கொட்டிய வெப்பம் அங்கேயே தங்கிவிடுகிறது. எவ்வளவு இடைவெளி வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கும். தச்சரிடம் அளவு கொடுப்பதற்கு முன் அதைப் படிப்பது நல்லது. பின்னால் கறுப்புச் சுருள் தெரியும் பழைய பெட்டியென்றால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை, மின்இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தூரிகையால் தூசியைத் தட்ட வேண்டும். புதிய பெட்டிகளின் பக்கச் சுவர் சூடாக இருந்தால் பயப்பட வேண்டாம். சுருள் அதற்குள்தான் இருக்கிறது.

வெப்பம் உள்ளே நுழையும் வழி கதவு ரப்பர். ஒரு துண்டுக் காகிதத்தைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்துப் பார்க்க வேண்டும். தடையில்லாமல் வந்துவிட்டால் அந்த இடத்தில் ரப்பர் சரியாக ஒட்டவில்லை. இரண்டு வெள்ளி நோட்டை வைத்துப் பார்க்கலாமே என்பார்கள். அது வழவழப்பான பிளாஸ்டிக், எப்படியும் நழுவிவிடும். இந்த நாளிதழின் ஓரம் போதும், படித்து முடித்த பிறகு! பெரும்பாலும் ரப்பரின் மடிப்பில் சேர்ந்த எண்ணெய்ப் பிசுக்குதான் காரணம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் துடைத்தாலே பாதிச் சிக்கல் தீரும். நெளிந்துபோன இடத்தைத் தலைமுடி உலர்த்தும் கருவியால் இலேசாகச் சூடாக்கி நேராக்கலாம்.

சூடான குழம்பை அப்படியே உள்ளே வைக்கக் கூடாது என்பது சரி. ஆனால் ஆறட்டும் என்று இரவு முழுக்க அடுப்பின்மேல் விட்டுவிடுவது அதைவிட ஆபத்து. தேங்காய்ப்பால் சேர்த்த கறி இந்த ஊர் வெக்கையில் எவ்வளவு நேரம் தாங்கும்? சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்குள் குளிரில் வைத்துவிட வேண்டும். பெரிய பானையிலிருந்து தட்டையான சிறு பாத்திரங்களுக்குப் பிரித்தால் சீக்கிரம் ஆறும்.

காய்கறித் தட்டின் அடியில் தண்ணீர் தேங்கினால் பின்சுவரின் கீழே இருக்கும் வடிகால் துளை அடைத்திருக்கிறது. சோற்றுப் பருக்கை, கொத்தமல்லி இலை, மாவு என்று எதுவாகவும் இருக்கலாம். ஊசியில்லாத சிரிஞ்சில் வெதுவெதுப்பான நீரை எடுத்து மெல்லச் செலுத்தினால் திறந்துகொள்ளும்.

சில நிமிடத்துக்கு ஒருமுறை ‘டிக்’ என்ற ஒலி மட்டும் கேட்டு, கம்ப்ரசர் ஓடாமல் நின்றுவிட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ, தொட்டால் சுரீர் என்று மின்சாரம் தாக்கினாலோ வீட்டு வைத்தியம் கூடாது. சுவிட்சை அணைத்துவிட்டு ஆளைக் கூப்பிட வேண்டும். அரிசிக் குக்கரையும் பெட்டியையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகுவதும் கூடாது. பெட்டிக்குச் சுவரிலுள்ள தனி சாக்கெட்டே வேண்டும். அணைத்த பெட்டியை உடனே மறுபடி போடாமல், குழாய்களில் அழுத்தம் சமமாவதற்கு ஐந்து நிமிடமாவது பொறுக்க வேண்டும்.

ஹீட்டர், விசிறி, ரப்பர், ரிலே ஆகியவை மாற்றக்கூடிய பாகங்கள். பெட்டி ஓரளவு பழையதானாலும் மாற்றிப் பயன்படுத்தலாம். கம்ப்ரசரே போய்விட்டது, அல்லது சுவருக்குள் புதைந்த குழாயில் கசிவு என்றால், பத்து ஆண்டைத் தாண்டிய பெட்டிக்குச் செலவழிப்பது வீண். புதிது வாங்கும்போது, 2008-ல் கட்டாயமாக்கப்பட்ட மின்சேமிப்பு முத்திரையில் எத்தனை ‘டிக்’ என்று பார்க்க வேண்டும். வீவக குடும்பங்களுக்கு 2024-ல் 300 வெள்ளி பருவநிலைப் பற்றுச்சீட்டு வழங்கப்பட்டது. மின்சாரத்தைச் சேமிக்கும் குளிர்பதனப் பெட்டிகளுக்கும் அதைப் பயன்படுத்தலாம். பழையதை என்ன செய்வது என்ற கவலையும் வேண்டாம். 2021 ஜூலை முதல், புதிய பெட்டியைக் கொண்டுவரும் விற்பனையாளர், கேட்டுக்கொண்டால் பழையதைக் கட்டணமின்றி எடுத்துச் செல்ல வேண்டும் என்பது சட்டம். கொண்டுவந்தவர்கள் தனியாகப் பணம் கேட்டால் இதை நினைவூட்டலாம்.