ஊதாதீர்கள், துடையுங்கள்!
பழைய கேசட் வீடியோ கேமுக்கு மறுவாழ்வு

சென்ற மாதம் என் அண்ணன் மகள் ஓர் அட்டைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பரணில் கிடந்ததாம். உள்ளே, அண்ணன் அமெரிக்காவில் வேலை பார்த்தபோது வாங்கிய நிண்டெண்டோ வீடியோ கேம் பெட்டி. கூடவே தங்க நிறத்தில் ஒரு கேசட், 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா'.

"சித்தப்பா, இந்த கேம்ல கடைசிக் கட்டம் வரைக்கும் போயிட்டேன்னு அப்பா பெருமை அடிச்சுக்கிறார். கேசட்டுக்குள்ள இன்னும் பதிவா இருக்குமாம். நான் நம்பலை. ஓட வெச்சுக் காட்டுங்க" என்றாள்.

ஓட வைக்கலாம். ஆனால் அவசரப்பட்டால் பெட்டியும் போகும், அண்ணனின் பதிவும் போகும். எனவே ஒவ்வொரு படியாகப் பார்ப்போம். இதில் வரும் பல விஷயங்கள் நீங்கள் புதிதாக வாங்கியிருக்கும் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும்.

முதலில் அடாப்டர்

பழைய பெட்டி கையில் கிடைத்ததும் பிளக்கைச் சொருகிப் பார்க்கத்தான் கை போகும். பொறுங்கள்! அமெரிக்க அடாப்டர் 120 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டது. நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். நேராகச் சொருகினால் அடாப்டர் புகைந்துவிடும். அண்ணன் அந்தக் காலத்தில் வோல்ட்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை வைத்திருந்தார். அது இப்போது இல்லை.

இந்தப் பெட்டிக்குத் தேவை 9 வோல்ட், 1.3 ஆம்பியர். ஒரிஜினல் அடாப்டர் ஏசி மின்சாரம் தரும். பெட்டிக்குள் இருக்கும் டயோடுகள் அதை டிசியாக மாற்றுகின்றன. அதன் பிறகு 7805 என்ற ரெகுலேட்டர் அதை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. எனவே பின் சரியாகப் பொருந்தினால், உள்ளூரில் கிடைக்கும் 9 வோல்ட் டிசி அடாப்டரும் வேலை செய்யும். சென்னை ரிச்சி தெரு போன்ற எலக்ட்ரானிக்ஸ் கடைவீதிகளில் தேடினால் கிடைக்கும். டிவியுடன் இணைக்கப் பெட்டியின் பக்கவாட்டில் மஞ்சள், சிவப்பு சாக்கெட்டுகள் உள்ளன.

விளக்கு ஏன் கண் சிமிட்டுகிறது?

புது அடாப்டரை இணைத்து பவர் பட்டனை அழுத்தினேன். சிவப்பு விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. டிவியிலும் படம் இல்லை. திரை மட்டும் விட்டு விட்டு மின்னியது. இந்த மாடலுக்கே உரிய பிரபலமான கோளாறு இது. காரணத்தைத் தெரிந்துகொண்டால் பயம் போய்விடும்.

நிண்டெண்டோ 1983-ல் ஜப்பானில் 'ஃபேமிகாம்' என்ற பெட்டியை வெளியிட்டது. அதில் கேசட்டை மேலிருந்து நேராகச் சொருக வேண்டும். அதே ஆண்டு அமெரிக்காவில் வீடியோ கேம் வியாபாரம் படுத்துவிட்டது. 'வீடியோ கேம்' என்றாலே கடைக்காரர்கள் ஒதுங்கினார்கள். எனவே 1985-ல் அங்கே விற்பனைக்கு வந்த பெட்டி, பார்ப்பதற்கு வீடியோ டெக் போல வடிவமைக்கப்பட்டது. கேசட்டை முன்பக்கமாக உள்ளே தள்ளி, பிறகு கீழே அமுக்க வேண்டும்.

அழகாக இருந்தது, ஆனால் சிக்கலும் அங்கேதான். கேசட்டைப் பிடிக்கும் கனெக்டரில் 72 பின்கள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை அமுக்கும்போதும் அவை வளைகின்றன. நாளாக ஆக அவற்றின் பிடி தளர்கிறது, அழுக்கும் சேர்கிறது.

பெட்டிக்குள்ளும் கேசட்டுக்குள்ளும் ஆளுக்கொரு காவல்கார சிப் வேறு இருக்கிறது. அனுமதி பெறாத கேசட்டுகளைத் தடுப்பதற்காக வைத்தது. இரண்டு சிப்புகளும் இடைவிடாமல் பேசிக்கொண்டிருக்க வேண்டும். பேச்சு அறுந்தால், பெட்டியில் உள்ள சிப் ஏறக்குறைய ஒரு நொடிக்கு ஒரு முறை கேமை ரீசெட் செய்யும். விளக்கு கண் சிமிட்டுவது இதனால்தான். ஆக, பெரும்பாலும் எந்த சிப்பும் கெட்டுப்போயிருக்காது. தொடர்புதான் சரியில்லை.

ஊதினால் சரியாகுமா?

சிறு வயதில் கேசட்டின் வாயில் ஊதாதவர் உண்டா? ஊதியபின் ஓடியதும் உண்மைதான். ஆனால் அதற்குக் காரணம் நம் மூச்சு இல்லை. கேசட்டைக் கழற்றி மறுபடி மாட்டும்போது பின்கள் உரசி, புதிதாக ஓரிடத்தில் தொடுகின்றன, அவ்வளவுதான். நம் மூச்சில் உள்ள ஈரம் நாளடைவில் உலோகத்தை அரிக்கும். எனவே ஊதாதீர்கள்.

சுத்தம் செய்வது எப்படி?

1. மின் இணைப்பைத் துண்டித்துவிடுங்கள்.

2. காது குடையும் பஞ்சுக் குச்சியை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, கேசட்டின் தங்க நிறப் பட்டைகளை இருபுறமும் துடையுங்கள். பஞ்சு கறுக்கும். கறுப்பு வராத வரை குச்சியை மாற்றி மாற்றித் துடைத்து, பிறகு காய விடுங்கள். உப்புத்தாள், பெட்ரோல், தின்னர் எதுவும் வேண்டாம்.

3. அதன் பிறகும் விளக்கு சிமிட்டினால் பெட்டியைத் திறக்க வேண்டும். ஸ்க்ரூக்கள் அடியில் இருக்கின்றன. சாதாரண ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் போதும். எந்த ஸ்க்ரூ எங்கிருந்து வந்தது என்று செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

4. தகரக் கவசத்தையும் கேசட் தட்டையும் கழற்றினால் 72 பின் கனெக்டர் தெரியும். சால்டரிங் தேவையில்லை, போர்டிலிருந்து மெதுவாக இழுத்தாலே வந்துவிடும். அதைச் சில நிமிடங்கள் கொதிக்கும் நீரில் போட்டால் பழைய பிசுக்கு கழன்றுவிடும். முழுவதும் உலர்ந்த பிறகே மாட்டுங்கள். போர்டின் ஓரப் பட்டைகளையும் ஆல்கஹாலால் துடையுங்கள்.

புது கனெக்டரும் விலைக்குக் கிடைக்கிறது. ஆனால் சில கனெக்டர்கள் கேசட்டை வெளியே எடுக்க முடியாத அளவுக்கு இறுக்கிப் பிடிக்கும். எனவே பழையதைச் சுத்தம் செய்து பார்ப்பதே முதல் வழி.

கேசட்டுக்குள் ஒரு பேட்டரி

அமெரிக்காவில் 1987-ல் வெளியான ஸெல்டா கேசட்டில் 8 கேபி ரேம் இருக்கிறது. நம் ஆட்டம் பதிவாவது அதில்தான். மின்சாரம் இல்லாதபோது அதைக் காப்பாற்றுவது ஒரு 3 வோல்ட் பட்டன் பேட்டரி. அதைக் கழற்றினால் பதிவு அந்த நொடியே அழிந்துவிடும். ஆகவே, 'பழைய பேட்டரிதானே, முதலில் மாற்றிவிடுவோம்' என்று ஆரம்பிக்காதீர்கள்.

நண்பர் ஒருவரிடம் கேசட் ரீடர் இருந்தது. இது யுஎஸ்பி வழியாகக் கம்ப்யூட்டருடன் இணையும் சிறு கருவி. அதில் கேசட்டைச் சொருகி, பதிவை ஒரு ஃபைலாக ஹார்ட் டிஸ்க்கில் சேமித்தோம். அதன் பிறகே பேட்டரியை மாற்றி, அதே ஃபைலைக் கேசட்டில் திரும்ப எழுதினோம். பேட்டரி மீது நேராக சால்டரிங் இரும்பை வைக்கக் கூடாது, சூட்டில் வெடிக்கலாம். உலோகக் காது வைத்த பேட்டரியைக் கேட்டு வாங்குங்கள். பழக்கம் இல்லையென்றால் மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

இன்னொன்று: இந்த கேமை நிறுத்தும்போது ரீசெட் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு பவரை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் பதிவு கெட வாய்ப்பு உண்டு.

நம் ஊர் டிவி கேம்கள்

1990-களில் நம் வீடுகளுக்கு வந்த பல டிவி கேம் பெட்டிகள் ஃபேமிகாமின் நகல்கள். 60 பின் கேசட், மேலிருந்து சொருகும் முறை. காவல்கார சிப் கிடையாது. எனவே விளக்கு சிமிட்டாது, திரை மட்டும் குழம்பும். துடைக்கும் முறை ஒன்றுதான். ஆனால் டிசி அடாப்டரின் பிளஸ், மைனஸ் மாறினால் பெட்டி வீணாகும். லேபிளைப் படித்துவிட்டு மாட்டுங்கள். வாத்து சுடும் துப்பாக்கி எல்சிடி டிவியில் வேலை செய்யாது. அது கோளாறு அல்ல; பழைய பிக்சர் டியூப் டிவிக்காகச் செய்யப்பட்டது.

கம்ப்யூட்டருக்கும் இதே பாடம்

உங்கள் டெஸ்க்டாப் கம்ப்யூட்டர் திரையில் எதுவும் வராமல் 'பீப்' என்று மட்டும் கத்துகிறதா? ரேமின் தொடர்பு சரியில்லாமல் இருக்கலாம். மின் இணைப்பைத் துண்டித்து, ரேமைக் கழற்றி, பட்டைகளைத் துடைத்து மாட்டிப் பாருங்கள். ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் தேதி பழைய வருடத்தைக் காட்டுகிறதா? மதர்போர்டில் உள்ள பட்டன் பேட்டரி தீர்ந்திருக்கும். அதை மாற்றினால் உங்கள் ஃபைல்கள் அழியாது. பயாஸ் செட்டிங்குகள் மட்டும் பழைய நிலைக்குப் போகலாம். எதைக் கழற்றுவதற்கு முன்பும் முக்கியமான ஃபைல்களை வேறிடத்தில் பிரதி எடுத்துவிடுங்கள்.

சரி, அண்ணனின் பதிவு என்ன ஆயிற்று? ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் டிவி முன் உட்கார்ந்தோம். விளக்கு சிமிட்டாமல் எரிந்தது. திரையில் அண்ணன் பெயர், பக்கத்தில் வரிசையாக 13 இதயங்கள். பெருமை அடித்தது உண்மைதான்!

அண்ணன் மீசையை முறுக்கினார். ஆனால் பெயருக்குக் கீழே ஓர் எண் இருந்தது. எத்தனை முறை செத்தார் என்ற கணக்கு அது: 117. அதை முதலில் கவனித்தது அவர் மகள்தான்.