பிரதி எடுத்துப் பழகும் கை

ஹேடோவில் நம்மவர் வீடுகள் பலவற்றில் சுவரில் தொங்கும் தாத்தா பாட்டியின் உருவம், ஏதோ ஒரு சீட்டுக்காக எடுத்த சிறு புகைப்படத்தைப் பெரிதாக்கியதே. டிரங்குப் பெட்டியின் அடியில் கப்பலேறி வந்த அப்படம் ஆண்டுக்காண்டு மங்கி வருகிறது. அதைத் தைல வர்ணத்தில் தீட்டி வைக்க விரும்பும் இளைஞர் நம்மிடையே உளர். கற்பிக்க ஆசிரியர் இல்லையே என்பது அவர்தம் குறை. அதற்குப் பழைய பரிகாரம் ஒன்றுண்டு: பேரோவியர் ஒருவரின் படைப்பைப் பார்த்துப் பிரதி எடுத்தல்.

ராஜா ரவிவர்மாவுக்கும் தைல வர்ணம் எளிதில் கைவரவில்லை. 1848-இல் கிளிமானூரில் பிறந்த அவர், பதினான்காம் வயதில் திருவனந்தபுரம் அரண்மனையை அடைந்தார். அங்கிருந்த ஓவியர் ராமசாமி நாயக்கர் அவ்வித்தையைச் சொல்லித்தர மறுத்தார் என்றும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து கற்பித்தார் என்றும் வரலாறு எழுதியோர் கூறுவர். 1868-இல் வந்த தியோடர் ஜென்சனும் கற்பிக்க இசையவில்லை. தாம் தீட்டுவதை அருகிருந்து பார்க்க மட்டும் இடங்கொடுத்தார். பார்த்த கண்ணும் தனியே பழகிய கையுமே ஆசான்களாயின. 1873-இல் சென்னைக் கண்காட்சியில், கூந்தலில் மலர் சூடும் நாயர் மங்கையின் ஓவியத்துக்கு அவர் தங்கப் பதக்கம் பெற்றார். மறுத்தவர்களை நான் குறை கூறேன். பிழைப்புக்குரிய வித்தையை யார்தான் எளிதில் விட்டுக்கொடுப்பார்?

மைசூர் ஜகன்மோகன அரண்மனையில் அவருடைய இசை மகளிர் ஓவியம் உள்ளது. பதினொரு பெண்கள், பதினொரு முகங்கள். தொடங்குவோர் அவற்றுள் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டால் போதும். அச்சுப்படத்தின் மேலும் கான்வாஸின் மேலும் ஒரே கணக்கில் கட்டங்கள் இட்டு உருவை மாற்றுக. பின்னர்க் கண்களைப் பாதி மூடி நோக்கினால், நுணுக்கங்கள் மறைந்து, ஒளியும் நிழலும் இரு பெரும் பகுதிகளாய்த் தெரியும். அவற்றை முதலில் பழுப்பு வர்ணம் ஒன்றினாலேயே அமைக்க வேண்டும். அடிப்பூச்சில் டர்ப்பன்டைன் மிகட்டும். மேற்பூச்சுகளில் ஆளிவிதை எண்ணெய் மிகட்டும். இது தலைகீழானால் மேற்பரப்பு முந்தி உலர்ந்து, பின்னர் வெடிக்கும். நிழலுக்குக் கறுப்பைக் கலப்பது தொடக்கக்காரர் பிழை. முகம் புகைபடிந்த பானையாகிவிடும்.

அச்சுப்படம் நிறத்தில் பொய் சொல்லும். தூரிகையின் தடத்தையும் காட்டாது. ஆகையால் ஹேடோத் துறையில் கப்பலேறித் தாயகம் செல்வோர், திருவனந்தபுரம் வரை போக வாய்த்தால், அங்குள்ள ஓவியக் கூடத்தில் அவருடைய மூலப் படங்களின் முன் ஒரு மணி நேரம் நிற்க வேண்டும். நம் தீவின் மழை மாதங்களில் எண்ணெய்ப்பூச்சு மெல்லவே உலரும். கான்வாஸின் பின்புறம் பூஞ்சை படரும். சுவரோடு ஒட்டாமல் காற்றாட வைத்தல் நலம்.

முதல் முயற்சியே தாத்தாவின் உருவமாக இருத்தல் வேண்டா. கறுப்பு வெள்ளைப் படம் நிறத்தைச் சொல்லாது. காது நுனியின் சிவப்பையும், கண்ணடியில் படியும் பசுஞ்சாம்பலையும் நான்கைந்து பிரதிகள் எடுத்த கையே அறியும். அதற்குள், தாத்தா மாநிறமா, கறுப்பா, வெற்றிலைச் சிவப்பு உதட்டில் நின்றதா என்பதை வீட்டு முதியோரிடம் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் கேட்கத் தாமதித்துவிட்டோம்.