அடைப்புக்குறிக்கு வெளியே ஒரு சின்ன எண்

எட்டாம் வகுப்புக் கணக்கு நோட்டு திருத்த உட்கார்ந்தால், பின்னமும் அடுக்கும் ஒரே கணக்கில் சேருகிற பக்கங்களில்தான் சிவப்பு மை தீர்ந்துபோகிறது. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே பிள்ளைகளுக்குத் தெரியும். (2/3)³ என்று பலகையில் எழுதினால் ஒருவன் 6/9 என்பான். இன்னொருத்தி 8/3 என்பாள். அவன் அடுக்கால் பெருக்கிவிட்டான். அவளுக்கு அடைப்புக்குறியே கண்ணில் படவில்லை.

அதனால் முதல் வாரம் என் வகுப்பில் விதிப் பட்டியல் கிடையாது. 2/3 × 2/3 × 2/3 என்று விரித்துத்தான் எழுத வேண்டும். மேலே எட்டு, கீழே இருபத்தேழு. "கை வலிக்குது டீச்சர்" என்பார்கள். வலிக்கட்டும். (2/3)⁵ × (2/3)⁴ என்பதை ஒன்பது தடவை எழுதிய பிள்ளை, அடுக்குகளைக் கூட்டினால் போதும் என்பதைத் தானே கண்டுபிடித்துவிடும். நான் சொல்லி ஏறுவதைவிட அது ஆழமாக ஏறும்.

அடுத்த சந்தேகம் நியாயமானது: "அடுக்கு கூடினா விடையும் பெரிசாகணும்ல டீச்சர்?" 2, 4, 8, 16 என்றே பழகிய பிள்ளைக்கு 1/2, 1/4, 1/8, 1/16 என்று தேய்வது விநோதம்தான். இதற்கு நான் கையில் எடுப்பது ஜெராக்ஸ் கடைத் தாள். ஏ0 தாளின் பரப்பு ஏறத்தாழ ஒரு சதுர மீட்டர். நீளத்தைப் பாதியாக்கினால் ஏ1. மறுபடி பாதியாக்கினால் ஏ2. நான்காவது வெட்டில் வருவதுதான் நம் ஏ4. ஆக, அதன் பரப்பு (1/2)⁴, அதாவது 1/16 சதுர மீட்டர். கட்டின் மேல் 80 ஜிஎஸ்எம் என்று போட்டிருப்பது ஒரு சதுர மீட்டர் தாளின் எடை 80 கிராம் என்பதற்காக. அதைப் பதினாறால் வகுத்தால் ஒரு தாள் 5 கிராம். 500 தாள் கட்டு இரண்டரை கிலோ. நம்பாத பிள்ளைகள் மளிகைக் கடைத் தராசில் வைத்துப் பார்க்கலாம். மேலுறைக்குக் கொஞ்சம் கூடக் காட்டும், அவ்வளவுதான்.

குறை அடுக்குக்கும் இதே தாள் போதும். ஒரு ஏ0 தாளை மூட எத்தனை ஏ4 வேண்டும்? பதினாறு. 1 ÷ (1/2)⁴ என்று நாம் கேட்டது அதைத்தான். (1/2)⁻⁴ என்று எழுதுவதும் அதையேதான். மைனஸ் குறி அடுக்கில் இருப்பதால் விடை மைனஸ் ஆகிவிடாது, பின்னம் தலைகீழாகும். "தலைகீழாக்கு" என்று மட்டும் சொல்லிக்கொடுப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. எதற்காகத் தலைகீழாகிறது என்று தெரியாத பிள்ளை, (1/2)⁴ என்ற கணக்கையும் பரீட்சைப் பதற்றத்தில் தலைகீழாக்கிவிட்டு வருகிறது.

அடிமானம் வேறுவேறாக இருந்தால் அவசரப்படக் கூடாது. (1/2)³ × (1/4)² என்பதில் கால் என்பது அரையின் இரண்டாம் அடுக்கு என்று கண்டுகொண்டால், மூன்றும் நான்கும் சேர்ந்து (1/2)⁷, விடை 1/128.

வீட்டில் எட்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால் இன்று ராத்திரி இந்த ஒரு கணக்கைக் கொடுங்கள்: (3/4)⁴ ÷ (3/4)⁶. விடை 16/9. −9/16 என்று வந்தால் திட்டாதீர்கள், விதியையும் ஞாபகப்படுத்தாதீர்கள். மேலே நான்கு முக்கால், கீழே ஆறு முக்கால் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.